நீலக் கோடு போட்ட தட்டு

என் தம்பி கூல்வெனுக்குக் கல்யாணம் நடந்த அன்று காற்று தென்மேற்கிலிருந்து அடித்தது. படகில் வந்த விருந்தாளிகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டே கரையேறினார்கள். மணப்பெண் அஸனோர் மட்டும் சிரித்துக்கொண்டே இறங்கினாள். ஒரு கையில் காலணி, இன்னொரு கையில் துணி சுற்றிய தேன் ஜாடி.

"இந்தப் பொண்ணுக்கு வயிறு இரும்பு. கதெல், உன் சமையலைத் தாங்கிடுவா" என்றான் படகுக்காரன் ஜில்தாஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் கெரவெல் தீவில் மரம் கிடையாது. ஹீதர் புதரும் ஆடும் கருந்தேனீயும்தான் உண்டு. தீவு உயிர்க்கோளக் காப்பகம் ஆன பிறகு இந்தத் தேனீதான் பதினாறு குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பெருநிலத்தில் எங்கும் இல்லாத நோயற்ற இனம். காப்பக முத்திரை ஒட்டிய தேனும், சின்னக் கூண்டில் வைத்து அனுப்பும் ராணித் தேனீயும் பாரீஸ் வரை போகும். துறைமுகத்தில் பலகை உண்டு: தேனீ, பழைய தேன்பெட்டி, பழைய தேனடைச் சட்டம், பழைய கையுறை எதுவும் தீவுக்குள் வரக்கூடாது. சாப்பிடும் தேனைப் பற்றிப் பலகையில் இல்லை. வெளித்தேனை மனிதன் தின்னலாம், நோய் ஒட்டும் என்பதால் தேனீக்கு வைக்கக் கூடாது என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். அதனால் எழுதவில்லை.

நானும் கூல்வெனும் பெரிய தேன்தோட்டத்தை ஒட்டிய காவலர் வீட்டில் இருந்தோம். காப்பகத்தின் வீடு. தேனீக்களைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒப்பந்தத்தோடு கிடைப்பது. அம்மா செத்தபோது எனக்கு இருபது வயது, அவனுக்கு ஒன்பது. வீட்டில் ஒருவர் இறந்தால் ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கறுப்புத் துணி கட்டி, மூன்று தட்டுத் தட்டி, இறந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் கால் வலிக்கிறது என்று அழுதான்.

"எல்லாப் பெட்டிக்கும் சொல்லணுமாக்கா?"

"எல்லாத்துக்கும்டா. ஒன்னை விட்டாக்கூட அது கோவிச்சிட்டுப் பறந்துடும்."

அன்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லாப் பெட்டிக்கும் போனேன். அதற்குப் பிறகு இருபது வருடம் அவனுக்குச் சமைத்தேன், துவைத்தேன், அவனோடு சண்டை போட்டேன். என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு காப்பகக் குழுத் தலைவர் மொர்வான் வீட்டுக்கு வந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அடுத்த வசந்தத்துல ஒப்பந்தம் புதுப்பிக்கணும், கதெல். கல்யாணமான ஜோடி இங்க இருந்தா நல்லதுன்னு குழு நினைக்குது. வர்ற ஆளுங்களுக்குத் தேன் ருசி காட்டுறது, தோட்டம் சுத்திக் காட்டுறது, இதெல்லாம் அந்தப் பொண்ணு நல்லாப் பண்ணும். சிரிச்ச மொகம்."

"நான்?"

"துறைமுகத்துப் பக்கம் ஒரு அறை இருக்கே. ஜன்னல்லேருந்து படகெல்லாம் தெரியும்."

கூல்வென் அப்போது குளியலறையில் பாடிக்கொண்டிருந்தான். அவன் பாடி நான் அதுவரை கேட்டதில்லை.

கல்யாண நாள் காலையில் அஸனோர் சமையலறைக்கு வந்தாள். நான் ஆட்டுக்கறிச் சட்டியை எரியும் புல்மண் கட்டிகளுக்கு அடியில் வேக வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஜாடியை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணி, இது எங்கப்பா எடுத்த கடைசித் தேன். எங்க ஊர்ல பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போனா, அந்த வீட்டுத் தேனீக்குச் சிவப்புத் துணி கட்டி, பொறந்த வீட்டுத் தேன் கொஞ்சம் வைப்பாங்க. அப்பதான் அதுங்க புதுப் பொண்ணை ஏத்துக்கும்னு சொல்லுவாங்க. இங்க வைக்கலாமா? ஏதோ விதியெல்லாம் இருக்குன்னு கூல்வென் சொல்லிட்டிருந்தாரு. அவர்கிட்ட கேட்டா விஷயம் தெரிஞ்சு போயிடும். அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

அவள் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பே அவருடைய நாலு கூடுகளும் செத்துவிட்டதாக நிச்சயதார்த்த விருந்தில் சொல்லியிருந்தாள். குளிரில் போய்விட்டதாம். குளிரில் செத்த கூடா, நோயில் செத்த கூடா என்று கேட்பது என் வேலை. கேட்கவில்லை. நான் நினைத்தது வேறு. தேனை வைக்கட்டும். வசந்தத்தில் ஒப்பந்தக் கூட்டத்தில் எழுந்து, இந்தச் சிரித்த முகம் முதல் நாளே விதியை மீறியது என்று சொல்லலாம். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

"தாராளமா வை" என்றேன். "அவன்கிட்ட சொல்லாத. அப்புறமாத் தெரிஞ்சா சந்தோஷப்படுவான்."

கழுத்துச் சாவியால் அலமாரியைத் திறந்து, அம்மாவின் நீலக் கோடு போட்ட தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஆறு தட்டு உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, அம்மா நினைவு நாளன்று மட்டும் வெளியே வரும். கூல்வெனைக்கூடத் தொட விட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைக் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதல் பெட்டிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, அதன் முன்னால் தட்டை வைத்தாள். கால் மணி நேரத்தில் தட்டு கறுப்பாகிவிட்டது. அத்தனை தேனீ. ஓடிப்போய்த் தட்டிவிட எனக்கு நேரம் இருந்தது. கறி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

மறுநாள் தட்டைக் காணோம். காற்று கொண்டுபோயிருக்கும் என்று அவள் அழாத குறையாகத் தேடினாள். "விடு, தட்டுதானே" என்றேன்.

ஏப்ரலில் முதல் பெட்டியைத் திறந்ததும் கூல்வென் மூக்கைச் சுளித்தான். பழைய பசையைக் காய்ச்சியது போல நாற்றம். பெருநிலத்திலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார், இளம் பெண். தேனடையில் புழு இருந்த அறைக்குள் தீக்குச்சியை விட்டு மெதுவாக இழுத்தார். பழுப்பு நிறத்தில் ஒரு நூல் விரல் நீளத்துக்கு வந்தது.

"அழுகல் நோய்" என்றார். "எத்தனை பெட்டி இருக்கு தீவுல?"

"தொண்ணூத்தி ரெண்டு" என்றான் கூல்வென்.

"தீவு சின்னது. எல்லாப் பெட்டிக்கும் இந்நேரம் பரவியிருக்கும். ஒன்னையும் வைக்க முடியாது."

பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூட்டம் போட்டார்கள். பதினாறு குடும்பமும் வந்திருந்தது. நோய் எங்கிருந்து வந்தது என்று மருத்துவர் கேட்டார். யாரும் கேட்காமலே அஸனோர் எழுந்தாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான், எதையும் மறைக்கத் தெரியாது.

"நான்தான் தேன் வச்சேன். கல்யாணத்தன்னிக்கு. எங்கப்பாவோட தேன்."

கூல்வென் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா கேட்டுத்தான் வச்சேன். அண்ணிகிட்ட கேட்டேன். அவங்கதான் தாராளமா வைன்னு சொன்னாங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அந்த வீட்டை விட்டுப் போயிருப்பேன், அவள் இருந்திருப்பாள். தீவுக்கே தெரிந்த கணக்கு அது. குற்றம் செய்தவர் தேன்தோட்டத்திலும் இருக்க முடியாது, காவலர் வீட்டிலும் இருக்க முடியாது.

"என்கிட்டயா?" என்றேன். "முப்பது வருஷமா தேனீயோட இருக்கேன். நான் வைக்கச் சொல்லுவேனா? ஏன்டிம்மா, சொல்றதுதான் சொல்ற, நம்புற மாதிரி ஒன்னு சொல்லக் கூடாதா?"

யாரோ சிரித்தார்கள்.

"அண்ணி, நீங்கதானே தட்டு எடுத்துக் குடுத்தீங்க? நீலக் கோடு போட்டது..."

"எங்கம்மா தட்டையா? இவன்கிட்டயே நான் குடுத்ததில்லை, கேட்டுப் பாரு. வேணும்னா போய் எண்ணிப் பாருங்க. ஆறு இருக்கும். இந்தாங்க சாவி."

சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அலமாரியில் ஐந்துதான் இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் வீடு இருநூறு அடி. யாரும் சாவியை எடுக்கவில்லை. அஸனோர் கூல்வெனைப் பார்த்தாள். சொந்தங்களை எல்லாம் விட்டு வந்த பெண் புருஷனை எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள். அவன் மேசையில் இருந்த பழைய மைக்கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"கூல்வென், நீ போய்ப் பாரேன். நீ மட்டும் போய்ப் பாரு, போதும்" என்றாள்.

"எங்கக்கா பொய் சொல்ல மாட்டா" என்றான் அவன்.

நான் சாவியை எடுத்துத் திரும்பவும் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம், மேயப் போன தேனீ எல்லாம் திரும்பியதும், பெட்டிகளின் வாசலை அடைத்தோம். தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கந்தகத் திரியைக் கொளுத்திப் போட்டார்கள். முதலில் இரைச்சல் அதிகமாகும், அப்புறம் இறங்கும், பிறகு மழை விழுவது போல உள்ளே சொட்டுச் சத்தம் கேட்கும். எழுபது வயதுக் கிழவர் ஒருவர் தன் பெட்டிமேல் கை வைத்தபடியே நின்றார். அஸனோர் வேலிக்கு வெளியே நின்றிருந்தாள்.

"அங்க நின்னு வேடிக்கை பார்க்காத. முதல் பெட்டியை நீதான் தூக்கணும்" என்றேன். "சிவப்பு ரிப்பன் கட்டினது நீதானே?"

மொர்வான்கூட, "விடு கதெல்" என்றார். அவள் வந்து தூக்கினாள். தேன் நிறைந்த பெட்டி ஓர் ஆணுக்கே கனம். இரண்டு இடத்தில் தடுக்கினாள். கூல்வென் கையில் பெட்ரோல் கேனோடு பார்த்துக்கொண்டு நின்றான், கை கொடுக்கவில்லை. குழிக்குள் விழுந்தபோது மூடி திறந்து செத்த தேனீ கொட்டியது. ரிப்பன் மழையில் வெளுத்து இளஞ்சிவப்பாக இருந்தது.

வியாழக்கிழமைப் படகில் அவள் போனாள். யாரும் வழியனுப்பவில்லை. ஜில்தாஸ் மட்டும் அவள் துணிப்பெட்டியை வாங்கி வைத்தானாம்.

இரண்டு வருடம் தீவில் ஒரு தேனீகூட இல்லை. நாலு குடும்பங்கள் பெருநிலத்துக்குப் போய்விட்டன. கிழவர் அந்தக் குளிர்காலத்திலேயே இறந்தார். எனக்கு மட்டும் எல்லாம் பழையபடி இருந்தது. காலையில் கூல்வெனுக்குக் காப்பி, மத்தியானம் கோதுமை தோசையும் சூப்பும். ஒப்பந்தத்தில் அவன் பெயரும் என் பெயரும். அவன் பாடுவதில்லை. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

மூன்றாம் வசந்தத்தில் பக்கத்துச் சின்னத் தீவில் காப்பகம் தனியாக வளர்த்து வைத்திருந்த தேனீக் கூட்டங்களில் இருபதை எங்களுக்குக் கொடுத்தது. பெட்டி வைக்கப் புது மேடை போட வேண்டும். கூல்வென் பழைய கல்சுவரைப் பிரித்துக் கட்டினான். நான் அடுப்படியில் இருந்தேன். உள்ளே வந்தான். கை கழுவினான், கூடவே எதையோ தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். துணியால் துடைத்து, மேசையில் நான் உட்காரும் இடத்தில் வைத்தான்.

நீலக் கோடு போட்ட தட்டு. ஓரத்தில் கீறல்கூட இல்லை. சுவர் இடுக்கில் விழுந்து கிடந்திருக்கிறது.

"கூல்வென்..." என்றேன்.

அவன் வெளியே போய்விட்டான். மறுநாள் படகில் அஸனோரைப் பார்க்கப் பெருநிலத்துக்குப் போனான். அன்றைக்கே திரும்பினான். என்ன நடந்தது என்பதை ஜில்தாஸ்தான் சொன்னான், கண்ணைப் பார்க்காமல்.

"வாசல்ல நிக்க வச்சே பேசினாளாம். 'இருநூறு அடி நடக்க உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சா'ன்னு கேட்டுட்டு, கதவைச் சாத்திட்டாளாம். கத்தக்கூட இல்லையாம்."

"என்னைப் பத்தி என்ன சொன்னா?"

"உன்னைப் பத்தி அவ ஏன் பேசணும்?"

கூல்வென் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள், உனக்காக என்னென்ன விட்டேன் என்று ஒரு பட்டியலே மனதில் வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. மொர்வானிடமும் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் நான் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும். அதைக்கூட அவன் செய்யவில்லை. நான் வைத்த சாப்பாடு மேசையிலேயே ஆறியது. அவன் தனியாக முட்டை வேக வைத்துத் தின்றான்.

சனிக்கிழமை இருபது பெட்டிகளும் வந்து இறங்கின. ஜில்தாஸும் கூட வந்து மேடைமேல் வைத்தான். புதுத் தேனீ வரும்போது சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். நான் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு ரிப்பன் எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அதைக் கொடுக்கலாம் என்று வெளியே வந்தேன். பத்தடி தூரத்தில் நின்றேன்.

கூல்வெனின் தோளில் கறுப்புத் துணிக் கீற்றுகள் தொங்கின. ஜில்தாஸ் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"யாருடா போயிட்டாங்க? எனக்குச் சேதி வரலையே?"

கூல்வென் தோளிலிருந்து ஒரு கீற்றை உருவினான். முதல் பெட்டிக்குத் துணியைக் கட்டினான். விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினான். குனிந்து வாயை வாசல் பக்கம் வைத்தான். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

"எங்கக்கா கதெல் செத்துப்போயிட்டா."

ஜில்தாஸ் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். வண்டியில் ஏதோ எடுக்க வேண்டியிருப்பதுபோல நடந்து போய்விட்டான்.

கூல்வென் இரண்டாவது பெட்டிக்கு நகர்ந்தான். கட்டினான், தட்டினான். "எங்கக்கா கதெல் செத்துப்போயிட்டா." மூன்றாவதுக்குப் போனான்.

"கால் வலிக்குமேடா" என்றேன்.

அவன் திரும்பவில்லை. இருபது பெட்டி. ஒன்றையும் விடவில்லை.