அம்பலவிக் காலம்

வாய்க்கரிசி போடக் கையை நீட்டியபோது பத்மாவதிக்கு அந்த மணம் வந்தது. கற்பூரம், ஊதுபத்தி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு, பூட்டிய அறைக்குள்ளிருந்து அம்பலவி மாம்பழ மணம். வைக்கோலுக்குள் வைத்தவை பார்த்து இன்றைக்கென்று முழுக்கப் பழுத்திருக்கின்றன. பாதி அரிசி கணவர் சோமசேகரத்தின் சால்வையில் சிந்தியது.

பிரேதப் பெட்டியைப் பிடித்தபடி தங்கமுத்து அழுதாள். சோமசேகரத்தின் ஒரே தங்கை.

"மாம்பழமெண்டால் உயிரை விடுவார். கடைசியா ஒரு துண்டெண்டாலும் வாயிலை வைச்சவரோ என்ரை அண்ணை?"

குத்திக் காட்டச் சொன்னதில்லை, ஒப்பாரியில் வந்த சொல். ஆனால் அறைச் சாவி பத்மாவதியின் இடுப்பில் கிடந்தது. வைக்கவில்லை, வைக்க நான் விடவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

சோமசேகரத்துக்குச் சலரோகம் என்ற சீனி வியாதி. சண்டையில் ஊருக்கு வரும் பாதை பூட்டிய பிறகு மருந்துக் குளிசைகள் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. மருந்தில்லாத ஊரில் வாயைக் கட்டுவதுதான் மருந்து என்று பத்மாவதி பழங்களை அறைக்குள் வைத்துப் பூட்டினாள். மனிதர் சண்டை பிடிக்கவில்லை. சாய்மனைக் கதிரையை இழுத்து வந்து அறை வாசலில் போட்டுக்கொண்டார். ஆவணி வெயில் முற்றத்தில் காயும் பின்னேரங்களில் அவள் பக்கத்தில் இருந்து முருங்கையிலை உருவ, அவர் மூக்கை நிமிர்த்திக் கண்ணை மூடிக் கிடப்பார். "மணத்திலை சீனி இல்லைத்தானே அப்பா" என்பார் அவளிடம். ஒழுங்கையில் போகும் சைக்கிளின் சத்தத்தை வைத்தே ஆர் போவது என்று சொல்வார். பாதி பிழையாய்ப் போகும்.

அந்தச் சீனி வருத்தத்தால் வந்த ஒரே நன்மை, துவாயைக்கூடத் தானாக எடுக்காத மனிதர் விளக்குமாறு தூக்கியதுதான். தேகப்பியாசம் வேணுமாம் என்று, அவள் எழும்ப முன்னமே மாமரத்தடியைக் கூட்டி வைத்துவிடுவார். கொக்குவில் ஊர் முழுக்க அவள் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். இந்த வருசம் மரத்தடியில் விழுந்த பழம் ஒன்றையும் காணோமே என்று கேட்டதற்கு, பழத்தைக் கடித்துப் போடும் வௌவாலும் ஷெல்லுக்குப் பயந்து இடம்பெயர்ந்துவிட்டது போலை என்றார். அவளும் ஓம் என்று நம்பினாள்.

நேற்று மத்தியானம், "இஞ்சேரப்பா, ஒண்டே ஒண்டு வெட்டுமன்" என்று கேட்டார். நாளைக்குப் பாப்பம் என்றாள். சோறு தின்றபின் நெஞ்சு நோகுது என்றவர், கார் பிடிக்க ஆள் போவதற்குள், அந்தக் கதிரையிலேயே போய்விட்டார்.

ஆம்பிளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுடலைக்குப் போனார்கள். பெண்கள் வீடு கழுவத் தொடங்க, பத்மாவதி தலை முழுகக் கிணற்றடிக்கு வந்தாள். முதல் வாளியைத் தலையில் ஊற்றினாள். தண்ணீர் வாய்க்காலால் ஓடி வாழையடியில் அவர் கூட்டிக் குவித்திருந்த சருகை ஒதுக்கியது.

சருகுக்குள் ஒரு மாங்கன்று, செம்பு நிறக் கொழுந்தோடு. பக்கத்தில் இன்னொன்று இப்போதுதான் கொட்டையைப் பிளந்து எட்டிப் பார்த்தது. அப்பால் வெள்ளை வெளேரென்று சூப்பிய கொட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொட்டை, மஞ்சள் ஈரம் இன்னும் காயாமல், எறும்பு மொய்த்தபடி கிடந்தது. நேற்றைய பழம்.

அதுதான் ஆளைக் கொண்டுபோனதோ என்று ஒருகணம் திடுக்கிட்டாள். பிறகு விடிய எழும்பி விளக்குமாறும் கையுமாய் நின்று, விழுந்த பழத்தை ஓசைப்படாமல் சூப்பும் மனிதர்தான் கண்ணுக்குள் வந்தார்.

"கள்ளன்" என்றாள். நேற்றிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

தங்கமுத்து துவாயோடு வந்தாள். "முழுகினது காணும் மச்சாள், தடிமன் பிடிக்கும்."

"வைச்சவர் மச்சாள்."

"என்னத்தை?"

"நீ கேட்டனியே, வாயிலை வைச்சவரோ எண்டு. வைச்சவர். முழுப்பழம்."

தங்கமுத்து விளங்காமல் துவாயை நீட்டினாள். பத்மாவதி இன்னொரு வாளி அள்ளினாள். அதைத் தலையில் ஊற்றாமல், வாழையடியில் குனிந்து, எறும்புகள் கலையாதபடி ஓரமாய்க் கன்றுகளுக்கு ஊற்றினாள்.