பதிமூன்று வயதின் பதில்கள்

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பொண்ணோட தாளெல்லாம் நீங்களே வீட்டுல உக்காந்து நிரப்பிட்டீங்களா?"

கேட்டவள் எங்கள் ஆய்வு அதிகாரி. என் மகள் வயது.

"எனக்கு என் வீட்டு ரேஷன் ஃபாரம் நிரப்பவே பொறுமை இல்ல."

"அஞ்சு தடவை, நாற்பத்திரண்டு கேள்வி. ஒரு நம்பர்கூட மாறல. கல்லுகூட இத்தனை வருஷத்துல கொஞ்சம் தேஞ்சிருக்கும். இந்தத் தடவை வரிசையைக் கலைச்சுக் கேளுங்க. பழசோட ஒத்து வரலன்னா ஆளை ஆய்வுலேருந்து எடுத்துடுவோம்."

குணம் எந்த வயதில் மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று அளக்கும் ஆய்வு அது. பதிமூன்று வயதில் வகுப்பறையில் எழுதிய பிள்ளைகளிடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய், அதே வாக்கியங்களை வாசித்து எண் வாங்கி வருவது என் வேலை. ஒன்று என்றால் கொஞ்சமும் பொருந்தாது. ஐந்து என்றால் அப்படியே நான்தான். ஆறுதல் சொல்லக் கூடாது, தலையாட்டவும் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபத்துமூன்று. மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதி பார்க்கும் வேலை. மாடியில் ஒற்றை அறை. இருந்த ஒரு நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஆரம்பிங்க ஆன்ட்டி. நாலு."

"நான் இன்னும் வாயே திறக்கல."

"முதல் கேள்விக்கு நாலுதானே?"

முப்பதாவது வாக்கியத்தை எடுத்தேன். "என்னைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருப்பார்கள்."

அவள் விழித்தாள். "இது எத்தனாவது?"

"எத்தனாவதா இருந்தா என்ன?"

விரலை மடக்கி உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினாள், வாய்ப்பாட்டைப் பாதியில் மறந்த பிள்ளைபோல.

"மனப்பாடமா பண்ணி வெச்சிருக்கே?"

"மாத்திச் சொன்னா பொய்யாயிடாதா?"

"பத்து வருஷத்துல மாறுறது பொய்யாடி?"

நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு எழுதினவ நல்லா இருந்தா ஆன்ட்டி. பெஞ்சுல அஞ்சு பேர், வாய் ஓயாம பேசுவோம். நீங்க அவளைத்தானே தேர்ந்தெடுத்தீங்க? அவ இல்லன்னு தெரிஞ்சா எதுக்கு இவ்வளவு தூரம் வரப்போறீங்க?"

வகுப்பு மொத்தத்தையும் சேர்த்தோம், யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"இப்பவும் அதையே ஒப்பிச்சா உன்னை எடுத்துடுவாங்க. உண்மையைச் சொன்னாலும் வெச்சுக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது. கேக்கட்டுமா?"

கால்களைக் கட்டிலின்மேல் மடக்கி வைத்துக்கொண்டு, "கேளுங்க" என்றாள்.

"என்னைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருப்பார்கள்."

"ஒண்ணு."

"புதியவர்களிடம் எளிதாகப் பேசுவேன்."

"ஒண்ணு. இல்ல, ரெண்டு போடுங்க. பஸ்ல ஒருத்தங்ககிட்ட மணி கேட்டேன்."

"மனம்விட்டுப் பேச எனக்கு ஒருவர் உண்டு."

என்னையே பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

"ஒண்ணு" என்றாள்.

எழுதினேன். முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ நடுவுல நாலு தடவையும் வெத்தா அக்கா?"

"வெத்துதான். பதிமூணு நெசம். இன்னிக்கு நெசம். அளக்க ரெண்டு முனை இருக்கு."

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "சரி, நடுவுல உள்ளதை அடிச்சிடுறேன். ஆள் இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு அவளிடம், "இருக்கியாம்" என்றேன்.

"யாரு, இப்ப இருக்கிற இவளா?"

"நீதான்."

சிரிக்கவில்லை. வாசல்வரை வந்தாள். "அடுத்தது எப்போ?"

"ரெண்டு வருஷம்."

"நீங்கதானே வருவீங்க?"

"அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்ட். வேற யாராவது வருவாங்க."

"ஓ" என்றாள். பிறகு, "படி செங்குத்தா இருக்கும், பாத்து எறங்குங்க" என்று சொல்லிவிட்டு, நான் கீழே போய்ச் சேரும்வரை கதவை மூடாமல் நின்றாள்.