கண்ணாடிப் பெட்டிக்குள் திருமதி வால்டர்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒஹாயோவில் நான் குடியிருக்கும் ஊரின் நூலகம், பெண்கள் வரலாற்று மாதமான மார்ச் பிறந்ததும் 'அமெரிக்கப் பெண்களின் வரலாற்றை அறிய உதவும் வளங்கள்' என்று வாசலில் பெரிதாகத் துணி கட்டியது. உள்ளே போனேன். படங்களெல்லாம் பெண்கள். பெயர்களெல்லாம் ஆண்கள்.

முதல் தொடக்கம்: நூலக இயக்குநர் விட்காம் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'பெண்ணே நாட்டின்...

[வேண்டாம். அவர் செருமலை இந்த ஊர் போதுமான அளவு கேட்டாயிற்று.]

இரண்டாவது: பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னா கண்ணாடிப் பெட்டிமுன் நின்றாள். உள்ளே, பழைய பத்திரிகைப் படத்தில், அவள் அம்மா. தக்காளி ஆலை வேலைநிறுத்தத்தில், லாரிமேல் ஏறிக் கத்துகிறாள் ஸ்டாசியா. கீழே அச்சடித்த வரி: 'திருமதி வால்டர் குபியாக்.'

இதுதான் தொடக்கம்.

2

"மிஸ்டர் விட்காம், எங்கப்பா அன்னிக்கு லாரிப் பக்கமே வரலை. வீட்டுல உக்காந்து 'சூப் எங்கடி'ன்னு கத்திட்டிருந்தாரு. அவரு பேரு இங்க எதுக்கு?"

"மேடம், அந்தக் காலத்துப் பத்திரிகையில அப்படித்தான் போட்டாங்க. வரலாற்றை நாம திருத்தக் கூடாது பாருங்க."*

"ஆலைக்காரன் வேலையை விட்டுத் தூக்கினப்போ, 'ஸ்டாசியா, வெளிய போ'ன்னான். தூக்குறவனுக்குத் தெரிஞ்ச பேரு, கொண்டாடுற உங்களுக்குத் தெரியலையா?"

திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஜோன் குறுக்கே வந்தாள். "விடேன் வெர்னா. ஒரு குக்கீ எடுத்துக்கோ."

"'ஓட்ஸ் குக்கீ'ன்னு அதுக்குச் சீட்டு வச்சிருக்கியே ஜோன். அந்த மரியாதைகூட எங்கம்மாவுக்குக் கிடையாதா?"

"அடுத்த வருஷம் குழு கூடிப் பரிசீலிக்கும்," என்றார் விட்காம்.

நாளைக் காலை படமும் அந்த வரியும் மாநில இணையத் தொகுப்புக்குப் போகின்றன. பிறகு யார் தேடினாலும் ஸ்டாசியா கிடைக்கமாட்டாள்; வால்டர் கிடைப்பார்.

* பெட்டிமேல் தன் பெயரை மட்டும் விட்காம் நடுப்பெயரோடு முழுசாகப் போட்டிருக்கிறார்.

3

முடிவு அ: விட்காம் மனம் மாறி, கண் கலங்கி...

[எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது.]

முடிவு ஆ: வெர்னா நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியை...

[ரசித்து எழுதினேன். ஆனால் மறுநாள் செய்தியில் அவளையும் 'வால்டரின் மகள்' என்றுதான் போடுவார்கள். அடித்துவிட்டேன்.]

விழாவுக்கு வருகிறவர்கள் பெயர் எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வாசலில் சீட்டு வைப்பது இங்கே வழக்கம். 'வணக்கம், என் பெயர்' என்று அச்சிட்டு, கீழே வெற்றிடம் விட்டிருக்கும். வெர்னா ஒன்றை உரித்தாள். 'ஸ்டாசியா' என்று எழுதினாள். கண்ணாடியில், வால்டரின் பெயர் மறையும்படி, உள்ளங்கையால் அறைந்து ஒட்டினாள்.

விட்காம் சுரண்ட நகத்தை நீட்டிக்கொண்டு வருகிறார். வெர்னா நகரவில்லை.

நான் இங்கே நிறுத்துகிறேன். நீங்களும் அந்த அறையில்தான் நிற்கிறீர்கள். சீட்டுகள் மீதி இருக்கின்றன, பேனா திறந்தே கிடக்கிறது. அடுத்த பெட்டியில் திருமதி ஹாரி லண்ட் நிற்கிறாள்.

எழுதுங்கள். அவள் பெயர் என்ன?