சின்னத் தட்டில் இல்லாத குரல்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சபுராவைப் பற்றிச் சொல்கிறேன். தாராவியில் எங்கள் சாலில், அந்த ஒற்றை அறை வீட்டு வரிசையில், அவள் எனக்கு எதிர்வீடு. புருஷன் நாகூர் மீரானுக்குத் தோல்கிடங்கில் வேலை. கல்யாண வீடுகளில் தப்ஸும் கொட்டுவார். அம்பத்திரண்டில் ஒரு பாட்டுக்காரர் இசைத்தட்டு பதிய மெட்ராஸ் போனபோது, தாளத்துக்கு மீரானையும் கூட்டிக்கொண்டு போனார். அது ஒரு வேடிக்கைப் பாட்டு. நடுவில் புருஷன்காரன் வந்து கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டும். அதற்கென்று வைத்திருந்த ஆள் வராமல் போகவே, "நீரே கூப்பிடும்" என்று மீரானை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"ஏளா, கதவத் தொற. நாந்தான் வந்திருக்கேன்."

இவ்வளவுதான்.

மீரான் நெஞ்சுச்சளி முற்றி மௌத்தானது அம்பத்தொன்பதில். ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்தக் கறுப்புத் தட்டும், சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டியும்தான் மிச்சம். சபுரா பாட்டைக் கேட்க மாட்டாள், பாவம். ஊசியை நேரே அந்த இடத்தில் வைத்து அதை மட்டும் கேட்பாள். வருஷம் போகப் போகக் குரல் கம்மிக்கொண்டே வந்தது. "மொகம் நெனப்பிருக்குக்கா. கொரலுதான் கையில நிக்க மாட்டேங்குது" என்று என்னிடம் சொல்லி அழுவாள்.

அறுபத்தாறில், பழைய பாட்டுகளைச் சின்னத் தட்டில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், கண்ணாடி மாதிரி கேட்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே பழைய தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தாள். அங்கே அனந்தகிருஷ்ணன் என்கிறவர் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். நல்ல மனுஷர்.

அவர் சின்னத் தட்டைப் போட்டார். பிள்ளைகளே, அப்படி ஒரு துல்லியம்! இரைச்சல் இல்லை, கீறல் இல்லை. தப்ஸில் விரல் நுனி படுவதும் உள்ளங்கை விழுவதும் தனித்தனியாகக் கேட்டதாம். சபுரா சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது அடி முடிந்தது, இனி அவர் கூப்பிட வேண்டும். உடனே மூன்றாவது அடி வந்துவிட்டது.

"ஐயரே, ஊசி தாண்டிருச்சு."

"தாண்டலியேம்மா."

மறுபடி போட்டார். மறுபடியும் அப்படியே. திருப்பியும் போட்டுப் பார்த்தார், அந்தப் பக்கத்தில் வேறே பாட்டு.

"சின்னத் தட்டுலே ஒரு பக்கத்துக்கு ரெண்டு பாட்டு அடைக்கணும்மா. எடம் பத்தாதுன்னு பேச்சை வெட்டியிருப்பா."

"அவுஹ கையி இருக்கே ஐயரே! வாயி எங்க?"

சபுரா துணியைப் பிரித்துப் பழைய தட்டைக் கொடுத்தாள். அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கறுப்புக்கு நடுவில் ஓரிடம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"எந்த ஊசியிலே போட்டேள்?"

"பொட்டியோட கெடந்த ஊசிதான். மழுங்குனா அம்மியில தீட்டிக்கிடுவேன்."

"அடக் கண்றாவியே! ஒரு பக்கம் ஓடினா ஊசியைத் தூரப் போடணும்மா. அதையே தீட்டித் தீட்டிப் போட்டா உளியால செதுக்கற மாதிரின்னா!"

"அப்ப நாந்தான் அறுத்தேனா?"

மனுஷருக்கு ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. உள்ளேயிருந்து டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். "புது ஊசி போடறேன். இன்னும் ஒரு தடவை தாங்கும்னு தோண்றது. டேப்புல புடிச்சுட்டா அப்புறம் எத்தனை தடவை வேணாலும் கேக்கலாம்." மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையடைக்கிற நேரம். ஷட்டரை இறக்கினார். கிராமபோனுக்கு முன்னால் மைக்கை வைத்தார். "மூச்சு சத்தம்கூடக் கேக்கப்படாது, ஆமா."

எண்ணெய் பொரிகிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து வந்தது.

"ஏளா, கதவத்..."

"இந்தா வாரேன்!"

சபுராதான். அவள் எங்கே நினைத்துச் சொன்னாள்? பத்து வருஷம் ஷிப்டு முடிந்து வந்த மனுஷனுக்கு அப்படியே குரல் கொடுத்துக் கதவு திறந்தவள். வாய் சொன்னபோது கால் ஷட்டரைப் பார்த்து நடந்திருந்தது.

டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். இரைச்சல் கொஞ்சம் அடங்கியிருந்தது. குரல் போர்வைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. "ஏளா, கதவத்..." அதற்கு மேல் எல்லாம் சபுராவின் குரலும் காலடியும்தான்.

"இன்னொரு தடவ போடுங்க ஐயரே."

ஊசி முனையில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்ததை அவர் காட்டினார். "வேண்டாம்மா. இருக்கறதும் போயிடும்." அவள் கேட்கவில்லை. காலைப் பிடிக்கக் குனிந்துவிட்டாள். அவர் பதறிப்போய் டேப்பைப் பின்னுக்குச் சுற்றி, அதே இடத்திலிருந்து பதிய ஆரம்பித்தார். சபுரா முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

சாம்பல் பூத்த இடம் வந்தது. ஊசி ஒரு தடவை உதறியது. சறுக்கிக்கொண்டு போய் மூன்றாவது அடியில் விழுந்தது. கையால் எடுத்து வைத்தார். சறுக்கியது. பிடித்துக்கொண்டே வைத்தார். வெறும் இரைச்சல்தான்.

முக்காட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் கேட்டாள்: "சரி, மொதல்ல புடிச்சதையே குடுங்க. நான் குறுக்க பேசுனா பேசிட்டுப் போறேன். பாதியாச்சும் இருக்குல்ல."

அனந்தகிருஷ்ணன் மெஷினைப் பார்த்தார். தப்பாகப் பதிந்தால் அதன் மேலேயே மறுபடி பதிவதுதான் அவர் வழக்கம். கை தன் பாட்டில் அதைச் செய்திருந்தது.

"அதுக்கு மேலேதாம்மா இது பதிஞ்சிருக்கு."

சபுரா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லையாம். அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்களும் கேட்டீங்கல்ல?" என்றாள்.

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு? எனக்கு என் சத்தந்தான் காதுல நிக்கி."

அவர் கண்ணை மூடி யோசித்தார். "கொஞ்சம் கரகரன்னு. 'ஏளா'வை இழுத்துச் சொன்னார்."

"ஆமா. இழுப்பாஹ."

"அதட்டல் இல்லே. உள்ளே ஆள் இருக்கான்னு சந்தேகமா கூப்பிட்டதும் இல்லே. ஆள் இருக்குன்னு தெரிஞ்சே கூப்பிட்ட மாதிரி."

சபுரா தலையை ஆட்டினாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.