பாதையில் இருந்த பெயர்

“என்னை உள்ள எடுத்துக்கங்க சார்.”

கேட்டுவிட்டேன். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, என்னை இந்த மருத்துவமனைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். “வேலையைப் பத்தி என்ன வேணா பேசும்மா. நிரந்தரம்ங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துடாத. அவங்களுக்கு அலர்ஜி.” அம்மாவும் அதையேதான் சொன்னாள்: “கெடச்சதக் கெடுத்துக்காதடி.” அம்மா லாண்டரியில் துணி மடிக்கிறவள். வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். வாயைத் திறந்து எதையும் கேட்காமல் இருப்பதுதான் எங்கள் பரம்பரைச் சொத்து.

எதிரே இருந்த பிரிவுத் தலைவருக்கு ‘பாக்கலாம் சார்’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதில்தான் வரும். அன்று அதுகூட வரவில்லை. ஒரு வருட ஒப்பந்த நீட்டிப்புத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“இன்னைக்குக் கையெழுத்துப் போட்டாதான். இல்லேன்னா சாயங்காலம் உன் கம்ப்யூட்டர் கணக்கு மூடிரும்.”

“ஏற்கெனவே ரெண்டு தடவை நீட்டியாச்சு சார். இதுக்கு மேல நீட்டினா ரப்பர் பேண்டே அறுந்துரும்.”

சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எரிச்சல். “உனக்கென்னம்மா குறைச்சல்? வெளிய இருந்து கூப்பிட்டாலே நல்லா ஓடுது. அதை எதுக்கு உள்ள கொண்டு வரணும்?”

வெளியே தனிக் கோப்பில் நான் எழுதி வைத்திருந்த நிரலைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா? அவருக்கே தெரிந்திருக்காது.

ஏழு ஆய்வுக்கூடங்களிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகள் வருகின்றன. ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு மாதிரி எழுதும். ஒன்று புள்ளிக்குப் பதில் கமா போடும், ஒன்று தேதியைத் தலைகீழாகத் தரும். இவற்றைச் சீராக்கி அனுப்பும் எங்கள் மென்பொருள் கருவியின் திரையில் பெட்டிகளும் அவற்றை இணைக்கும் அம்புகளும் இருக்கும். முடிவுகள் பெட்டி பெட்டியாகக் கடந்து வார்டுக்குப் போய்ச் சேரும். கருவியோடு வந்த பெட்டிகளுக்கு இந்தக் கிறுக்குத்தனமெல்லாம் புரியாது. அதற்காக நடுவில், நாமே நிரல் எழுதிக்கொள்ள ஒரு ஸ்கிரிப்ட் பெட்டி. அதற்குள் நாலு வரிதான் எழுதியிருக்கிறேன். மற்ற புத்தியெல்லாம் வெளியே, நான் எழுதிய மாட்யூல் என்ற தனிக் கோப்பில்; பெட்டி அதைக் கூப்பிட்டு ஓட்டும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பெட்டியின் அமைப்பில் பாதை தர வேண்டும். பாதை பிசகினால் பெட்டி சிவந்துவிடும், முடிவுகள் வாசலிலேயே குவியும்.

வேலைக்கு வந்த புதிதில், விவரம் தெரியாமல், என் சொந்த ஃபோல்டரின் பாதையையே கொடுத்துவிட்டேன். பொது ஃபோல்டர் ஒன்று இருப்பது மறு வாரமே தெரிந்தது. மாற்றவில்லை. ஏன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன்: அந்தப் பாதையின் நடுவில் என் பெயர் இருந்தது. என் கழுத்து அட்டையில் ‘ஒப்பந்தம் 14’ என்றுதான் இருக்கும். சுவரில் ஒட்டிய பிரிவுப் பட்டியலிலும் நான் இல்லை. அந்த மாடியில் என் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான். ஒவ்வொரு முடிவும் என்னைத் தாண்டித்தான் போனது.

பக்கத்து இருக்கையில் டேட்டாபேஸ் பார்க்கும் அக்கா மட்டும் கண்டுபிடித்துவிட்டார். “ஏண்டி, உன் கணக்கை மூடினா உன் ஃபோல்டரும் போயிடும், எல்லாம் படுத்துடுமே?” என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். “படுக்கட்டும்க்கா. அப்பவாவது கூப்பிடுவாங்க” என்பேன். அந்த அழைப்பை நான் நினைத்துப் பார்க்காத நாளில்லை. ‘நீ இல்லாம முடியலம்மா, வா’ என்பார்கள். எந்தச் சுடிதார் போட்டுக்கொண்டு போவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

தாளை எடுக்காமல் எழுந்து என் இடத்துக்கு வந்தேன். கோப்பைப் பொது ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். பெட்டியை நிறுத்தினேன். வரிசையில் ஒன்பது, பதினேழு, இருபத்தாறு என்று முடிவுகள் சேர்ந்தன.

அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தார். “கையெழுத்துப் போட்டியா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குடி பாதையை மாத்தற? விட்டுட்டுப் போ. நாளைக்கு அலறிக்கிட்டுக் கூப்பிடுவாங்க.”

“இத்தனை நாளா மாத்து மாத்துன்னு உயிரை வாங்கினீங்களேக்கா!”

“அது அப்போ. இப்போ நீ போறியே.”

“கூப்பிட மாட்டாங்கக்கா. வேற ஒருத்தரை வச்சுச் சரி பண்ணிக்குவாங்க. நடுவுல யாரோ ஒரு நோயாளி ரிசல்ட்டுக்காகக் காத்துக் கெடப்பாரு. நான் வீட்டுல போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அது என்னால முடியாது.”

பாதையில் என் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். ஒரேயடியாக அழித்திருக்கலாம். மனசு வரவில்லை. பொது ஃபோல்டரின் பாதையை எழுதிப் பெட்டியை ஓடவிட்டேன். இருபத்தாறும் மளமளவென்று இறங்கிப் பூஜ்யமானது. பெட்டி பச்சையாகவே இருந்தது. கொஞ்சம் திணறியிருக்கலாம், பாவி.

பையை எடுத்தபோது தலைவர் கண்ணாடி அறையிலிருந்து தாளோடு ஓடிவந்தார். “என்னம்மா இது கோபம்? அடுத்த மாசம் மீட்டிங் இருக்கு. உன்னை உள்ள எடுக்கறதப் பத்திப் பேசிப் பாக்கலாம்.”

பாழாய்ப்போன மனசு ஒரு துள்ளு துள்ளியது. இதைக் கேட்கத்தானே இத்தனை நாள்! அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரடி என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

“பேசுங்க சார்,” என்றேன். “மாட்யூல் எங்க இருக்குன்னு அக்காவுக்குத் தெரியும்.”

அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.