கயிறு கட்டாத தோட்டம்

ஆடி அமாவாசையன்று காலை எட்டேகால் மணிக்கு, திருவொற்றியூரில் லூர்துவின் வீட்டுத் தோட்டம் அவர் மனைவி ஜெமிமாவை ஏற்றிக்கொண்டு கடலுக்குக் கிளம்பிப் போயிற்று. கூடவே ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, இரண்டு ரோஜாத் தொட்டி, பாதி குடித்த டீ ஆகியவையும் போயின. பதினொன்றரைக்குத் திரும்பி வந்தபோது டீ ஆறியிருந்தது. வேறு சேதம் இல்லை.

தப்பு யார்மேல் என்பதில் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. லூர்து துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். அவர் ஓய்வு பெற்ற மாதமே ஜெமிமாவுக்கு இளைப்பு முற்றி, வாயில் அடிக்கும் மருந்துப் பம்பு இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. துறைமுகத்துக் கரித்தூளுக்குப் பயந்து சன்னலைச் சாத்தியே வைத்திருந்த வீடு, காற்று எந்த வழியாக வரும்? காற்றாட வெளியே உட்காரச் சொன்னார் டாக்டர். வெளியே என்று அவர்களுக்கு இருந்தது கொல்லையில் பன்னிரண்டுக்குப் பத்தடி சிமெண்டுத் தரையும், முன்பு குடியிருந்த இட்லிக்கடைக்காரர் விட்டுப்போன பெரிய கிரைண்டர் கல்லும்தான். லூர்து நோட்டை எடுத்துத் தோட்டத்துக்குப் படம் வரைந்தார். மனிதருக்குத் தெரிந்த படம் ஒன்றே ஒன்று, கப்பலில் சரக்கு அடுக்கும் படம். கனமானது நடுவில், இடப்பக்கம் எவ்வளவோ வலப்பக்கமும் அவ்வளவு. கப்பலில் சரக்கு உருளாமல் அடைகொடுத்து வரும் கட்டைகளை வாங்கி மேடை போட்டார், மிச்சத்தில் ஒரு பெஞ்சு. காசிமேட்டில் கழித்துப்போட்ட பிளாஸ்டிக் மீன் டப்புகளில் மீஞ்சூர்ச் செம்மண். முருங்கைக்கு எதிரில் எலுமிச்சை, மேலே பச்சை நிழல்வலை. ஜெமிமா உட்காரும் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம், அவர் எடைக்குச் சமமாகக் கிரைண்டர் கல். தன் எடையை லூர்து கணக்கில் சேர்க்கவில்லை, கிரேன்காரன் கப்பலோடு போகிறவன் அல்ல. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது குமிழி நடுவில் நின்று அசையவே இல்லை. அவ்வளவு ஒழுங்காகச் சரக்கேற்றிய ஒன்று தரையிலேயே கிடக்குமா? கயிறு போட்டுக் கட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. துறைமுகத்தில் கயிறு கட்டுவது வேறு செக்‌ஷன்.

அமாவாசையன்று கடலில் தண்ணீர் ஏறியபோது மேடையும் ஏறி, மதிலைத் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையை ஒரு கண்டெய்னர் உயரத்தில் கடந்தது. கீழே லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்றிருந்தன. முந்தின நாளிலிருந்து அங்கே எதுவும் நகராததால், ஏதோ ஒன்றாவது நகர்கிறதே என்று டிரைவர்கள் நிம்மதிப்பட்டார்கள். பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா துணி காயப்போட மாடிக்கு வந்தவர், "அண்ணே, அண்ணி போய்கினே கீதுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளிப்பைத் தேடினார். லூர்து மாநகராட்சிக்கு ஓடினார். மிதப்பதால் அது தோட்டமல்ல, கப்பல் என்றார்கள். துறைமுகத்துக்கு ஓடினார். முருங்கை இருப்பதால் கப்பலல்ல, தோட்டம் என்றார்கள். ஓடி ஓடி அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

தண்ணீர் இறங்கியதும் தோட்டத்தோடு திரும்பி வந்த ஜெமிமாவின் முகம் தெளிந்திருந்தது. "பம்பை வூட்லயே வுட்டுட்டு போய்க்கீறேன்யா. அங்க அது தேவயே படல" என்றார். லூர்துவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். ஆயிரம் கப்பலை அனுப்பிவைத்த கை அது. போனதில் எத்தனை திரும்பி வந்தன என்று அவர் பார்த்ததில்லை. பௌர்ணமிக்கு முன் கப்பல் வடம் ஒன்றை வாங்கித் தோட்டத்தை வீட்டுத் தூணோடு கட்டிவிட்டார். பௌர்ணமியன்று தோட்டம் இழுத்தது, தூண் விடவில்லை. முடிவில் வீடுதான் கிழக்கே நாலு அங்குலம் நகர்ந்தது. தோட்டத்தைத் தன்னுடையதல்ல என்ற மாநகராட்சி, நாலு அங்குலம் ஆக்கிரமிப்பு என்று மறுவாரமே நோட்டீசு ஒட்டியது. பௌர்ணமியன்றே, கட்டிப்போட்ட தோட்டத்தில் உட்கார்ந்திருந்த ஜெமிமாவுக்கு நெஞ்சு கர்கர் என்று இழுத்தது. பம்பை இரண்டு தடவை அடித்துவிட்டு, "அவுத்து வுடுயா" என்றார்.

"திரும்பி வர்லன்னா?"

"நீயும்தான் வாயேன். யாரு வேணான்னது?"

லூர்து வடத்தின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். முப்பத்தோரு வருஷம் கடலை மேலேயிருந்தே பார்த்தவருக்கு அதன்மேல் கால் வைக்க நடுக்கம். ஆனால் அந்தக் கர்கர் சத்தம் பதினைந்து நாளும் காதை விட்டுப் போகவில்லை. அடுத்த அமாவாசைக்கு விடிந்ததும் வடத்தை அவிழ்த்தார். கிரைண்டர் கல்லை உருட்டி வாசலில் போட்டார். கல்லைவிட அவர் கொஞ்சம் கனம் என்பதால் ஒரு ரோஜாத் தொட்டியை ஜெமிமா பக்கம் நகர்த்தி, ரசமட்டம் பார்த்துவிட்டு, கல் இருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எட்டேகாலுக்குத் தோட்டம் கிளம்பியது.

இப்போது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அந்த வீட்டுச் சாவி அஜீசுன்னிசாவிடம் இருக்கும். விவரம் தெரியாமல் அந்த நாளில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், காசுக்காக வாசலில் கிடக்கும் கல்லின்மேல் பதினொன்றரை வரை உட்கார்ந்திருப்பார்.