தண்ணீரில் மட்டும் இருந்த பொட்டு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரு சிவப்புப் பொட்டு மட்டும்தான். தொண்ணூற்றேழில், ஸ்ரீராம்புரத்துத் தியேட்டர் ஒன்றில், ஒரு வாரம்கூட ஓடாத தமிழ்ப் படத்தில் அதைப் பார்த்தேன். அல்சூர் ஏரிமேல் வேற்றுக்கிரகக் கலம் ஒன்று வந்து நிற்கிறது. கம்ப்யூட்டரில் செய்த கலம்; நம் ஊரில் அப்போது அது புதுசு. கலத்தின் மூக்கில் ஒன்றுமில்லை. ஆனால் கீழே தண்ணீரில் தெரிந்த பிம்பத்தின் மூக்கில், குங்குமம் வைத்த மாதிரி ஒரு சிவப்பு. தியேட்டரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைட்டிலில் ‘கிராபிக்ஸ்’ என்று ஓர் ஆணின் பெயர் இருந்தது. பொட்டை விட்டுவைத்தது ஒரு பெண் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள், தோன்றியது.

மீதியெல்லாம் கற்பனை. பிடிக்காதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

தொடக்கம் ஒன்று: வானம் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவிலிருந்து வெள்ளி நிறத்தில்

(வேண்டாம். இது படத்தின் தயாரிப்பாளர் எழுதியிருக்க வேண்டிய வரி.)

தொடக்கம் இரண்டு: வேதநாயகிக்குச் சின்ன வயதிலிருந்தே நட்சத்திரங்கள் என்றால்

(பொய். நட்சத்திரத்தைப் பற்றி அவளுக்கு ஒரு அக்கறையும் கிடையாது.)

மூன்றாவது, இதுவே இருக்கட்டும். அல்சூரில் பிறந்து வளர்ந்த வேதநாயகி, தொம்மலூரில் டென்சில் என்பவர் நடத்திய சின்ன கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஏரிக் காட்சி முழுக்க அவள் கைவேலை. கலத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், தகரத்தை வளைத்த மாதிரி இருந்தால் போதும். தண்ணீர்தான் கழுத்தை அறுத்தது. அலை நெளியும்போது பிம்பமும் நெளிய வேண்டும், உடைய வேண்டும், மறுபடி சேர வேண்டும். ஏரிக்கரையில் போய் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து அதைச் செய்தாள். செய்து முடித்தால் டைட்டிலில் அவள் பெயர் வரும் என்று டென்சில் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அடிக்குறிப்பு, நடுவிலேயே போட்டுவிடுகிறேன், கீழே போட்டால் யாரும் படிப்பதில்லை: கலத்தைத் தனியாகவும் அதன் பிம்பத்தைத் தனியாகவும் கம்ப்யூட்டரில் செய்து, ஏரியைப் பிடித்த படத்தின்மேல் இரண்டையும் ஒட்டினார்கள். இரண்டும் வேறு வேறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

டென்சில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து, மிஷின் ஒன்று விடாமல் தன் கையாலேயே குங்குமம் வைப்பார். கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்பதில் அவருக்கு அந்த வருஷம் குழப்பம். மானிட்டர் கண்ணாடியின் நட்ட நடுவில் வைத்துவிட்டார். அது தானாக உதிரும்வரை யாரும் துடைக்கக் கூடாது என்று கண்டிப்பு வேறு.

மறுநாள் தயாரிப்பாளர் கோதண்டராமன் வந்தார். படத்தின் டைரக்டரும் அவர்தான். திரை போட்ட இருட்டறையிலும் கூலிங்கிளாஸைக் கழற்றாத ஆள். காட்சியை ஓட்டிக் காட்ட அந்த மிஷினுக்குத் தெம்பில்லை. அசையாத படம் ஒன்றைத்தான் காட்ட முடிந்தது. அதில் கலத்தின் மூக்கு, சொல்லிவைத்தாற்போல் குங்குமத்துக்கு நேர் பின்னால் வந்து நின்றது.

ஏரி அவர் கண்ணில் படவில்லை. அலை படவில்லை. “அந்தச் செவப்பு லைட்டு இருக்கே, அதான்யா ஷாட்டு” என்றார்.

வேதநாயகி வாயைத் திறந்தாள். டென்சில் அவள் காலை மிதித்தார். கோதண்டராமன் போன பிறகு, இல்லாத விளக்கை இருக்கும்படி செய்யச் சொன்னார் டென்சில். அவளும் செய்தாள். மேலே விளக்கு வந்தால் தண்ணீரிலும் தெரிய வேண்டுமே, அங்கேயும் வைத்தாள். கரண்டு போய்ப் போய் வந்ததற்கு நடுவில், எல்லாப் படத்தையும் முதலிலிருந்து மிஷினைத் திரும்பச் செய்யவைத்தாள்.

4

மானிட்டர் குங்குமம் உதிர்ந்து போன பிறகு கோதண்டராமன் மறுபடி வந்தார், கூடவே ஆமாம் போட நாலைந்து பேர். பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு இருந்த உயிர் இந்த விளக்கில் இல்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்பிள்ளை கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று டென்சிலிடம் சொன்னார், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

வேதநாயகி எழுந்து போனாள். மாதா படமும் பிள்ளையாரும் சேர்ந்திருக்கும் அலமாரியிலிருந்து குங்குமத்தை விரலில் தொட்டு வந்து, கண்ணாடியில் விளக்கின்மேல் அழுத்தி வைத்தாள்.

“இதுவா சார்?”

“இதேதான். இத வெச்சுக்கிட்டு ஏன் காட்டல?”

“இது குங்குமம் சார். அன்னைக்கு நீங்க பாத்ததும் குங்குமந்தான். பூஜைக்கு வெச்சது.”

ஆமாம் போட வந்தவர்களில் ஒருவர் சிரித்துத் தொலைத்தார்.

(என் சிநேகிதி லாவண்யா கம்ப்யூட்டர்காரி, இதைப் படித்துவிட்டு இங்கே நிறுத்தினாள். பெயர் கைக்கு வரும் நேரத்தில் இவ்வளவு திமிர் நம்பும்படி இல்லை என்றாள். ஆணாக இருந்தால் இதைத் திமிர் என்பாயா, தன்மானம் என்பாயா என்று கேட்டேன். காபி ஆறுகிறது என்றாள். வரிகள் அப்படியே இருக்கின்றன.)

5

உத்தரவு வந்தது. கலத்திலிருந்து லைட்டை எடு. டைட்டிலிலிருந்து அவள் பெயரை எடு, அங்கே யாராவது ஓர் ஆணின் பெயரைப் போடு.

“ஒரே ஒரு ஸாரி, மேன். போன்ல சொன்னாலும் போதும், பேரு வந்துடும். அப்புறம் சும்னே இரு, வாயத் தொறக்காத” என்று டென்சில் கெஞ்சினார். நல்ல மனுஷர்தான், பயந்தவர்.

அவளுக்கு அந்தப் பெயர் வேண்டும். அதை மறைக்க மாட்டேன். அப்பா தெருக்காரர்களோடு தியேட்டரில் உட்கார்ந்து, எழுத்துகள் போகப் போகத் தேடப் போவதை நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“எதுக்கு சார் ஸாரி? குங்குமத்த லைட்டுன்னு சொன்னது நானா?”

பிறகு உட்கார்ந்து, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தாள். கலத்திலிருந்து விளக்கை எடுத்தாள். தண்ணீரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரை யாரும் ஒருநாளும் பார்த்ததே இல்லை.

6

வேறு முடிவுகளும் கைவசம் இருக்கின்றன.

அவள் ஸாரி சொல்கிறாள், பெயர் வருகிறது, அப்பா கைதட்டுகிறார். (பிறகு நான் ஸ்ரீராம்புரத்தில் பார்த்த பொட்டுக்கு என்ன பதில்?)

அவள் அமெரிக்கா போய்ப் பெரிய ஆளாகி, கோதண்டராமன் அவள் வாசலில் வந்து நிற்கிறார். (இந்தக் கதையைப் போட வாங்கிய பத்திரிகைக்காரர் கேட்டது இந்த முடிவை. முடியாது என்று சொல்லிவிட்டேன்.)

அவள் மறந்துவிட்டாள். இது லாவண்யா சொன்னது. மேலே எடுத்தவர்கள் கீழே எடுக்க மறப்பது அந்தத் தொழிலில் சகஜமாம். மறதியாம், மண்ணாங்கட்டி! ஒவ்வொரு அலையாகப் பார்த்துப் பார்த்துச் செய்தவள், அதில் நெளிகிற சிவப்பையா மறப்பாள்?

7

வேதநாயகி என்பது நான் வைத்த பெயர். உண்மையில் அந்தத் தண்ணீரைச் செய்தவளுக்கு வேறு பெயர் இருக்கும். நான் விசாரித்தேன், யாரும் சொல்லவில்லை. நானும் ஒரு பெயரை இட்டு நிரப்பிவிட்டுப் போனால், எனக்கும் கோதண்டராமனுக்கும் என்ன வித்தியாசம்? உங்களுக்குத் தெரிந்தவளாக இருக்கலாம், உங்கள் வீட்டிலேயே இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். பேனாவை எடுங்கள். மேலே வேதநாயகி என்று இருக்கும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, இங்கே எழுதுங்கள். யாரிடமும் ஸாரி கேட்க வேண்டாம்.

கிராபிக்ஸ்: ____________________